ஹபெஷா, ஹப்ஷி, எத்தியோப்பியர்

அடிஸ் அபாபாவில் திரித்துவப் பேராலயத்தின் முன்புறம், இத்தாலியை எதிர்த்துப் போராடியவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. பெயர் சில்வியா பேங்க்ஹர்ஸ்ட். பெண்களின் வாக்குரிமைக்காக லண்டன் சிறையில் பட்டினி கிடந்தவர். முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குள் புகுந்த மறுவருடம், 1936-ல், இந்த நாட்டுக்காகவே லண்டனில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். எழுபது வயதைக் கடந்தபின் மகனோடு இங்கேயே குடிவந்துவிட்டார். 1960-ல் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பேரரசர் ஹைலே செலாசி அவரைக் கௌரவ எத்தியோப்பியர் என்று அறிவித்தார்.

வெள்ளைப் பருத்தித் துணியை நெத்தலா என்கிறார்கள். அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திய ஒரு பெரியவர் கல்லறைகளுக்கு நடுவே சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கல்லைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை ஊன்றி நின்று, "ஹபெஷா" என்றார். ஆங்கிலேயப் பெண்மணியைத்தான் சொன்னார்.

அடுத்த சில நாட்களில் தலைநகரில் அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஹபெஷா உடை, ஹபெஷா சாப்பாடு. பீருக்குக்கூட அதே பெயர். அரபியரின் 'ஹபஷ்', ஐரோப்பியரின் 'அபிசீனியா', தக்காணத்து 'ஹப்ஷி' எல்லாம் அதன் கிளைகள். ஆனால் பேராலயத்துக்குள் பளிங்குத் தூண்களுக்கிடையே கிடக்கும் பேரரசருக்கு அது போதவில்லை. 1931-ல் அவர் தந்த முதல் அரசியல் சட்டத்திலிருந்து வெளிநாட்டாரோடு நடந்த கடிதப் போக்குவரத்து வரை, நாட்டின் பெயர் எத்தியோப்பியா என்பதே நிலைநாட்டப்பட்டது. காரணம் தெளிவு. ஹபெஷா என்றால் வடக்கு மலைநாட்டு அம்ஹாரா, திக்ராய் மக்கள். எத்தியோப்பியர் என்றால் எண்பதுக்கும் மேற்பட்ட இனத்தார் அடங்குவர், பேரரசுக்கும் இடம் உண்டு. அந்தப் பேரரசரை 1974-ல் ராணுவம் கவிழ்த்தது. மறுவருடம் இறந்த அவரது எலும்புகள் அரண்மனையில் ஒரு கழிவறைத் தளத்தின் கீழே 1992-ல் கிடைத்தன. கருங்கல் பேழையில் அடக்கம் நடந்தது 2000 நவம்பரில்.

வடக்கே, திக்ராய் பகுதியில், அக்சும். அங்குள்ள பிரம்மாண்டமான நடுகற்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கும் நேரில் முதலில் கண்ணில் படுவது விழுந்து கிடக்கும் கல்தான். 33 மீட்டர், ஐந்நூறு டன்னுக்கு மேல் எடை, ஒற்றைக் கல். கதவு, சன்னல், உத்தர முனை எல்லாம் செதுக்கி, பதின்மூன்று மாடிக் கட்டடம்போல வடித்திருக்கிறார்கள். நிறுத்தும்போதே சாய்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் அகழாய்வாளர்கள். பக்கத்தில் 24 மீட்டர் உயரத்தில் நிற்பது நிறைய பயணம் செய்த கல். 1937-ல் முசோலினியின் ஆட்கள் துண்டுகளாக ரோமுக்குக் கொண்டுபோனார்கள். 1960 ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடிய அபெபெ பிகிலா, ரோம் தெருவில் அந்தக் கல்லைக் கண்ட இடத்தில்தான் வேகத்தைக் கூட்டினார் என்று அக்சுமில் சின்னப் பையனும் சொல்கிறான். கல் 2005-ல் விமானத்தில் திரும்பி வந்து 2008-ல் மறுபடி நின்றது.

எனக்கு நடுகற்களைவிட முக்கியமாகப் பட்டது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. காவலாளி பூட்டைத் திறந்து, உள்ளே கதவைத் தாண்டி விழுகிற வெளிச்சத்தில் ஒரு கல்லைக் காட்டினார். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். உழுதுகொண்டிருந்த விவசாயிகள் 1980-களின் தொடக்கத்தில் கண்டெடுத்தது. இடத்தை விட்டு நகர்த்துகிறவனைச் சபிக்கும் வரி அதில் இருப்பதால் கொட்டகை கல்லைத் தேடி வந்தது. நான்காம் நூற்றாண்டில் அக்சுமை ஆண்ட எசானா, பெஜா மக்களை வென்ற செய்தியை, அந்நாட்டு மொழியான கீயெஸ், தென்னரேபியச் சபேயம், கிரேக்கம் என்று மூன்றிலும் வெட்டவைத்திருக்கிறான். கீயெஸ் வாசகத்தில் மன்னனின் விருதுப் பட்டியலில் 'ஹபஷத்' என்று வரும் இடத்தில் கிரேக்க வாசகம் 'எத்தியோப்பியர்' என்கிறது. கிரேக்க எழுத்துகளை விரலால் தொடாமல் காற்றில் வரைந்து காட்டினார் காவலாளி. வெட்டின ஆழம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஒரு வரி முடியுமிடத்தில் இடம் போதாமல் சிற்பி எழுத்துகளை நெருக்கியிருப்பதும் தெரிகிறது.

அந்தப் பட்டியலில் 'காசு' என்று ஒரு நாடு தனியே வருகிறது. அது குஷ், இன்றைய சூடானில் நைல் ஓரம் இருந்த அரசு. கிரேக்கர்கள் அதுவரை எத்தியோப்பியா என்று சொன்னது பெரும்பாலும் அந்தக் குஷைத்தான். எசானா அதைத் தன் ஆளுகைக்குட்பட்ட நாடாகத் தள்ளிவைத்துவிட்டு, பெயரைத் தன் மக்களுக்கு எடுத்துக்கொண்டான்.

பெயரின் பழைய கதை இன்னும் விரிந்தது. முகம் எரிந்தவர்கள் என்று பொருள்படும் அதை, தெற்கே வாழும் கறுத்த மனிதர்கள் எல்லோருக்கும் கிரேக்கர் பொதுவாக வைத்தார்கள். ஹோமரின் காவியங்களில் எத்தியோப்பியர் உலகின் விளிம்பில், சூரியன் உதிக்கும் பக்கம் பாதியும் மறையும் பக்கம் பாதியுமாக வாழ்கிறார்கள். தேவர்கள் ஒலிம்பசை விட்டு அவர்கள் விருந்துக்குப் போய்விடுவதுண்டு. ஹெரோடோடஸ், பாரசீக மன்னன் செர்க்செசின் படையில் இந்தியரோடு சேர்ந்து அணிவகுத்த கிழக்கு எத்தியோப்பியரைப் பற்றி எழுதுகிறார். முடி சுருளாமல் நேராக இருக்கும் என்பதே அவர் கண்ட வித்தியாசம். அரியான் இன்னும் ஒரு படி மேலே போய், தென்னிந்தியர்கள் நிறத்தில் எத்தியோப்பியரைப் போலவே இருப்பார்கள், மூக்கு அவ்வளவு சப்பை இல்லை, முடி அவ்வளவு சுருள் இல்லை என்கிறார். என் முன்னோரில் ஒருவர் அலெக்சாந்திரியாவின் துறைமுகத்தில் நின்றிருந்தால் அவரைப் பார்த்தவர்கள் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குழப்பம் ஒருவழிப் பாதையும் அல்ல. அக்சுமுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் தீர் நகரத்து ஃப்ருமென்ஷியஸ். அவர் கதையை முதலில் எழுதிய ரூஃபினஸ் சம்பவம் நடந்த இடத்தை இந்தியா என்கிறார். மார்கோ போலோவுக்கு அபிசீனியா 'நடு இந்தியா'. இந்தியாவில் இருப்பதாக ஐரோப்பா தேடிய பிரஸ்டர் ஜான் என்ற கற்பனை அரசரையும் பின்னால் எத்தியோப்பியாவுக்குக் குடிமாற்றிவிட்டார்கள். செங்கடலுக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று மத்தியதரைக்கடல் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம். கடலோடிகளுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்திருக்கும். அக்சுமுக்குக் கிழக்கே டெப்ரே டாமோ மடத்தில், வட இந்தியாவை ஆண்ட குஷானரின் தங்கக் காசுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன.

கீயெஸ் எழுத்தை ஃபிதெல் என்கிறார்கள். பள்ளிச் சுவரில் எழுதிவைத்திருந்த அட்டவணையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மெய்கள் கீழ்நோக்கி, உயிர்கள் குறுக்கே. ஒவ்வொரு கட்டத்திலும் மெய்யின் உருவத்தில் ஒரு கொம்போ காலோ முளைக்கிறது. உயிர்மெய் வாய்பாடு ஒப்பித்து வளர்ந்த எவருக்கும் அது புரிய அரை நிமிடம் போதும். உயிர்க்குறி சேர்க்கும் பழக்கம் எசானா காலத்தில்தான் தொடங்கியது. அதில் இந்தியாவின் கை உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

மதியம் வெள்ளிக்கிழமை. புதனும் வெள்ளியும் இங்கே நோன்பு. பெருநோன்புகளையும் சேர்த்தால் ஆசாரமான கிறிஸ்தவர் ஒருவர் வருடத்தில் பாதி நாள் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார். 'சோம்' என்று கேட்டால் போதும். பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து, பருப்பு, கீரை, பீட்ரூட், பெர்பெரே மிளகாய்த்தூளில் கொதித்த கடலை மாவுக் குழம்பு என்று குட்டிக் குட்டியாக வைத்துவிடுவார்கள். சைவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான நாடு ஆப்பிரிக்காவில் இருக்குமா என்று தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நினைவு சங்கடப்படுத்தியது. எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் பள்ளியில் எலும்பும் தோலுமான பையனுக்கு எத்தியோப்பியா என்று பெயர். 1984 அக்டோபரில் பிபிசி இந்தத் திக்ராய் எல்லைப்புறத்துக் கொரெம் பஞ்ச முகாமைக் காட்டியது. மறுவருடம் ஜூலையில் நிதி திரட்ட லைவ் எய்ட் கச்சேரி. பஞ்சத்துக்கு மழை பொய்த்தது ஒரு பாதிக் காரணம். கிளர்ச்சிப் பகுதிக்குத் தானியம் போகவிடாமல் ராணுவ அரசு மறித்தது மறுபாதி. ஆனால் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது படம் மட்டும். நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடத் தொடங்கிய ஒரு நாட்டைப் பார்த்து, இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்று தெரியுமா என்று கேட்கும் பாட்டு லண்டனில் லட்சக்கணக்கில் விற்றது.

என்னோடு வந்த வழிகாட்டி இளைஞர் வரலாற்றுப் பட்டதாரி. எசானாவைப் பற்றிப் பேசும்போது "எங்கள் மன்னர்" என்பார். எத்தியோப்பியர்களின் மன்னர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. திக்ராய்ப் போரில், 2020 நவம்பர் இறுதியில், எரித்திரியப் படையினர் இந்த ஊரில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். எத்தியோப்பிய அரசு அவர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. நபியின் முதல் தோழர்களுக்கு அக்சும் மன்னர் அடைக்கலம் தந்ததன் நினைவாக நிற்கும் நெகாஷ் பள்ளிவாசலும் அந்தப் போரில் குண்டடி பட்டது. 2022-ல் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வழிகாட்டியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மரியாம் சியோன் தேவாலயத்தின் வாசலில், "எங்களைக் கொன்றபோதும் நாங்கள் எத்தியோப்பியர்தான் என்று சொன்னார்கள்" என்று அவராகவே சொல்லிவிட்டு, மோசேயின் உடன்படிக்கைப் பெட்டகம் இருப்பதாக நம்பப்படும் சிறு கட்டடத்தைக் கம்பி வேலிக்கு இப்பால் நின்று காட்டினார். அதற்குள் ஒரு துறவியைத் தவிர யாரும் போக முடியாது. சாலமோனுக்கும் ஷேபா அரசிக்கும் பிறந்த முதலாம் மெனெலிக் எருசலேமிலிருந்து அதைக் கொண்டுவந்தான் என்பது பதினான்காம் நூற்றாண்டில் தொகுத்த 'கெப்ர நகஸ்த்' சொல்லும் கதை. அந்த ஒரு கதையின்மேல் ஒரு வம்சம் 1974 வரை உட்கார்ந்திருந்தது. பைபிளில் குஷ் என்று இருந்ததை எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எத்தியோப்பியா என்று எழுதியதால், மோசேயின் மனைவி முதல் எஸ்தர் புத்தகத்தின் முதல் வரி வரை எல்லாம் அந்த வம்சத்தின் கணக்கில் வரவாகிவிட்டது. நம் தமிழ் பைபிளிலும் அப்படியே.

கொண்டார் நகரத்தில் பேரரசர் ஃபாசிலிடஸ் 1636-ல் கட்டத் தொடங்கிய கோட்டை வளாகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பெரும்பாலான நேரத்தை ஊருக்கு வெளியே வொலேகா கிராமத்தில் கழித்தேன். சாலையோரப் பலகையில் இன்னும் 'ஃபலாஷா கிராமம்' என்று எழுதியிருக்கிறது. ஃபலாஷா என்றால் நிலமற்றவர், அந்நியர். வட எத்தியோப்பியாவில் பலநூறு ஆண்டுகள் யூத வழிபாட்டோடு வாழ்ந்த பேட்டா இஸ்ரேல் மக்களுக்கு அண்டை வீட்டார் வைத்த வசைப்பெயர் அது. இரும்படிப்பதும் பானை வனைவதும் அவர்கள் தொழில். இரவில் கழுதைப்புலியாக மாறுவார்கள் என்றும், பார்வை பட்டால் நோய் வரும் என்றும் ஊர் நம்பியது. கைவினைக்காரனை நம்பியும் அவனுக்குப் பயந்தும் வாழும் கிராமத்தை நம் ஊரிலும் பார்த்தவன் என்பதால் எனக்கு அது அதிசயமாகப் படவில்லை.

இப்போது அங்கே பேட்டா இஸ்ரேல் குடும்பம் ஏறக்குறைய இல்லை. வட்டமான, கூரைவேய்ந்த தொழுகைக்கூடத்தின் உச்சியில் தாவீதின் நட்சத்திரம் மட்டும் இருக்கிறது. கிறிஸ்தவப் பெண்கள் களிமண்ணில் சாலமோனும் ஷேபாவும் ஒரே கட்டிலில் படுத்திருக்கும் பொம்மைகளைச் செய்து விற்கிறார்கள். மூக்கு மட்டும் உருட்டி ஒட்டி, கண்ணுக்கு ஈர்க்குச்சியால் இரண்டு குத்து. 1984-85-ல் சூடான் வழியாக ரகசியமாகவும், 1991 மே மாதம் அடிஸ் அபாபாவிலிருந்து 36 மணி நேரத்தில் 14,000-க்கும் மேற்பட்டோராகவும் பேட்டா இஸ்ரேல் மக்களை இஸ்ரேல் தூக்கிச் சென்றது. இருக்கைகளைக் கழற்றிய ஒரு 747 விமானத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஏறினார்கள். இங்கே இருந்தவரை அவர்களை எத்தியோப்பியர் என்று யாரும் முதலில் அழைக்கவில்லை. டெல் அவிவில் இறங்கிய அன்றிலிருந்து அவர்களுக்கு அதைத் தவிர வேறு பெயர் இல்லை.

கிழக்கே ஹரார். மதில் சூழ்ந்த பழைய முஸ்லிம் நகரம். உள்ளே சந்துகள், நீலமும் பச்சையும் அடித்த சுவர்கள். மாக்கினா கிர்கிர் என்ற தெருவில் இரண்டு பக்கமும் தையல்காரர்கள்; இயந்திரத்தின் சத்தமே தெருவுக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சுக் கவி ரம்போவின் பெயரில் காட்டும் மரவீடு உண்மையில் ஓர் இந்திய வணிகர் பின்னாளில் கட்டியது. மேல்தளத்தில் வண்ணக் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் வளைவும் பூவும் நம் பக்கத்து மரச்சிற்பங்களைப் பார்த்ததுபோல இருக்கும். ஒரு வயதான கடைக்காரர் என்னைக் கண்டதும் "ஹிந்த்?" என்று கேட்டு, தன் கணக்கு வாத்தியாரின் பெயரைச் சொன்னார். ஹைலே செலாசி காலத்தில் ஆயிரக்கணக்கான இந்திய ஆசிரியர்கள் இந்த நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தார்கள். கேரளத்துக்காரர்களும் தமிழர்களும் நிறைய. தன் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தார் என்று கடைக்காரர் பெருமையோடு சொன்னார்.

ஹராரிகளுக்கு எத்தியோப்பியா என்பது 1887 ஜனவரியில் இரண்டாம் மெனெலிக்கின் துப்பாக்கிகளோடு வந்தது. அதற்கு முன் இது தனி எமிரகம். மலைநாட்டுக் கிறிஸ்தவர்களைப் பதினாறாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட அழித்த இமாம் அகமது இங்கிருந்துதான் புறப்பட்டார். அடிஸ் அபாபாவின் பாடப்புத்தகங்களில் வில்லன், ஹராரில் வீரர். அந்தப் போர்களிலும் கொள்ளைகளிலும் பிடிபட்டவர்கள் செங்கடல் தாண்டி விற்கப்பட்டார்கள். தெற்கு எத்தியோப்பியாவில் பிறந்து, சாப்பு என்ற பெயரோடு விற்கப்பட்ட ஒரு பையன் பாக்தாத் வழியாகத் தக்காணம் வந்து மாலிக் அம்பர் ஆனான். அகமதுநகர் அரசைத் தாங்கி, மொகலாயப் படைகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் திணறடித்து, பிற்பாடு அவுரங்காபாத் ஆன ஊரைக் கட்டி, 1626-ல் இறந்தான். ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் அவனைக் கறுப்பன் என்று திட்டுவதைப் படித்தால், எதிரியைப் பற்றிய பயம் எழுத்தில் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளலாம். வங்காளத்தை ஆண்ட ஹப்ஷி சுல்தான்களும் உண்டு. விற்றவர்கள் வைத்த பெயர் ஹபஷி. வாங்கிய நாட்டில் அதுவே பட்டமாகிவிட்டது.

ஹராரில் ராஸ் மகோனென் சிலை நின்ற பீடம் காலியாக இருக்கிறது. ஹைலே செலாசியின் தந்தை அவர். ஒரோமோ பாடகர் ஹச்சாலு ஹுண்டெசா 2020 ஜூன் இறுதியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது கூட்டம் அதைக் கவிழ்த்தது. லண்டன் பூங்காவிலிருந்த மகனின் மார்பளவுச் சிலையும் அதே வாரம் உடைந்தது. ஒரோமோக்கள் நாட்டின் மிகப் பெரிய இனம். அவர்களில் பலருக்குப் பேரரசர் குடும்பம் என்றால் நிலத்தைப் பிடுங்கியவர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தெற்கே ஷாஷமானே போனேன். பள்ளத்தாக்கு ஊர், சந்தை நெரிசல், முழுக்க ஒரோமோ நிலம். சாலையோரம் திடீரென்று சுவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சையாகின்றன. வாசலில் யூதாவின் சிங்கம். உள்ளூர் வாயில் 'ஜமைக்கா சஃபர்', ஜமைக்கா பேட்டை. இத்தாலியப் போரில் உதவிய மேற்கிந்தியத் தீவினருக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தாருக்கும் நன்றியாக, தாயகம் திரும்ப நினைப்பவர்களுக்கென ஹைலே செலாசி 1948-ல் இங்கே இருநூறு ஹெக்டேர் தன் நிலத்திலிருந்து தந்தார்.

அந்த நினைப்பின் வேர் பைபிளில். எத்தியோப்பியா கடவுளை நோக்கிக் கை நீட்டும் என்று சங்கீதத்தில் வரும் ஒரு வாக்கை அமெரிக்க அடிமைகளின் பிள்ளைகள் தங்களைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில், வெள்ளையர் சபையை விட்டு விலகிய பாதிரியார் மங்கெனா மொகோனே 1892-ல் பிரிட்டோரியாவில் தொடங்கிய சபைக்கு எத்தியோப்பியச் சபை என்று பெயர் வைத்தார். அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய வெள்ளையர் குழுக்களும் தங்களை எத்தியோப்பியர் என்று விளம்பரம் செய்தார்கள். வசையும் வேதமும் ஒரே பெயரில் ஓடின. 1896-ல் அட்வாவில் மெனெலிக் இத்தாலியப் படையை முறியடித்தபின் பெயருக்கு ஒரு தேசமும் வெற்றியும் கிடைத்தன. கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கம் 1920-ல் எத்தியோப்பிய கீதம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 1930-ல் ராஸ் தஃபாரி, ஹைலே செலாசி என்ற பெயரில் முடிசூடியதும் ஜமைக்காவில் சிலர் அவரையே கடவுள் என்றார்கள். முசோலினியின் போரில் நாட்டை விட்டு வெளியேறியதற்காகப் பேரரசரைக் கார்வி கடுமையாகச் சாடினார் என்பதை, அவரை இப்படி வழிபடும் ராஸ்தாக்கள் அதிகம் பேசுவதில்லை.

மஞ்சள் வீடு ஒன்றின் திண்ணையில் ஒரு ஜமைக்கா மூதாட்டி காப்பி தந்தார். காப்பி எத்தியோப்பிய முறைதான்: பச்சைக் கொட்டையைத் தட்டில் வறுத்து, புகையை விருந்தாளியின் மூக்கருகே காட்டி, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவிட்டு, அபொல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. அவர் ஆங்கிலத்தில் பேச, பேரப்பிள்ளைகள் அம்ஹாரிக்கிலும் ஒரோமோவிலும் முற்றத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1975-ல் ராணுவ அரசு நிலத்தையெல்லாம் தேசவுடைமையாக்கியதில் தங்கள் பங்கு சுருங்கிய கதையைச் சொன்னார். பிள்ளைகள் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லாமல் வளர்ந்ததைச் சொன்னார். 2017-ல் அரசு ராஸ்தாக்களுக்கு அடையாள அட்டை தருவதாக அறிவித்தது. விசா வேண்டாம், தங்கும் அனுமதி வேண்டாம், குடியுரிமை மட்டும் இல்லை. பேரரசர் இறந்துவிட்டார் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் திரித்துவப் பேராலயத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் மூன்றாவது கோப்பையைக் குடித்து முடித்தேன்.

ஊர் திரும்ப ஆட்டோ பிடித்தேன். எத்தியோப்பியா முழுவதும் ஆட்டோவுக்கு 'பஜாஜ்' என்றே பெயர். 2020 கலவரத்தில் எரிந்த ஓட்டல் எது என்று ஓட்டுநர் காட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பேட்டைக்காரர்களோடு ஊர்க்காரர்கள் எப்படி என்று கேட்டேன். நல்லவர்கள், வாடகை ஒழுங்காகத் தருவார்கள், புகைதான் கொஞ்சம் அதிகம் என்றார். பிறகு, "அவங்கதான் சார் எத்தியோப்பியர்கள்" என்று சிரித்தார். "நாங்க ஒரோமோ."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, இந்தியாவில் புது வண்டி என்ன விலை, டீசலா, சி.என்.ஜி.யா, தவணைக்குக் கிடைக்குமா என்று சந்தை முனை வரை கேட்டுக்கொண்டே வந்தார்.